கங்காணியின் வம்சம்

நீலி இதுவரைக்கும் கடித்த ஒரே ஆள் நான்தான். அதிலும் தப்பு என்னுடையது. அசந்து தூங்கிக்கொண்டிருந்தவளின் பின்பக்கம் தெர்மாமீட்டரைச் செருகினால் நீங்களாக இருந்தாலும் கடித்திருப்பீர்கள். பல் பட்ட மறுநொடி அவளே பதறிப்போய் என் கையை விடாமல் நக்கினாள். அந்தக் கடியை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளை முடித்திருப்பார்கள், ஏனென்றால் நீலி ஒரு தாழி நாய்.

தாழி நாய் என்றதும் கை கல்லைத் தேடுகிறது, இல்லையா? தேடட்டும். சில வருஷங்களுக்கு முன்னால் இதே பேரைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவர்கள்தானே நாம் எல்லோரும். வைப்பாற்றங்கரையில் அலங்காட்டு மேடு என்று ஓர் இடம். தொல்லியல்காரர்கள் அங்கே தோண்டியபோது ஒரு முதுமக்கள் தாழி கிடைத்தது. உள்ளே மனித எலும்போடு ஒரு நாயின் எலும்பும் இருந்தது. செத்தவரோடு அவர் வளர்த்த நாயையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். அந்த எலும்பிலிருந்து மரபணுவை எடுத்து, இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய நாயை உயிரோடு கொண்டுவந்துவிட்டார் டாக்டர் அறவேந்தன். தமிழ்த் தொல்நாய் என்று அரசு பேர் வைத்தது. ஜனங்கள் தாழி நாய் என்றே கூப்பிட்டார்கள்.

என் பேர் சங்கரவடிவு. மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்த அரசு கால்நடை மருத்துவர். என்னைப் பிடித்து இழுத்துவந்து, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கருவேலங்காட்டு நடுவில் புதிதாகக் கட்டிய தொல்நாய் மையத்தில் உட்காரவைத்தார்கள். போன முதல் நாளே அறவேந்தனிடம் வாயைக் கொடுத்தேன்.

"நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் எலும்புக்குள்ள எதுவும் மிஞ்சாதுன்னுல்ல சார் நான் படிச்சிருக்கேன்?"

"மிஞ்சாதுதான். மிஞ்சினாலும் கிழிச்சுப்போட்ட காகிதம் மாதிரி பொடிப்பொடியா இருக்கும். இதுல பக்கம் பக்கமா முழுசா கிடைச்சுது டாக்டர். தாழிக்குள்ள இருந்த களிமண் காப்பாத்திக் கொடுத்திருக்கு."

"அதை வச்சு?"

"அதை அப்படியே திரும்ப எழுதி, ஒரு பெட்டை நாயோட கருமுட்டைக்குள்ள வச்சோம். அவ்ளோதான்."

தோசை ஊற்றுவதைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். நல்ல மனுஷன், ஆனால் மகா பிடிவாதம். முதல் ஈற்றில் ஐந்து குட்டிகள். எல்லாம் பெட்டை, எல்லாம் ஒரே நகல். செம்பழுப்பு உடம்பு, ஒரு காது விறைத்து ஒரு காது மடிந்து, பின்னங்கால் இரண்டிலும் வழக்கமான நாலோடு ஐந்தாவதாக ஒரு விரல். வெள்ளைத் திட்டுகள் மட்டும் குட்டிக்குக் குட்டி இடம் மாறின. மூன்றாவதாக வந்தது மூச்சுத் திணறி நீலம் பாரித்துக் கிடந்தது. வாயோடு வாய் வைத்து ஊதி நான்தான் பிழைக்கவைத்தேன். அவள்தான் நீலி.

"சார், இது நம்ம கேட்ல படுத்திருக்கிற பொறை மாதிரியே இருக்கே?" என்று கேட்டேன். பொறை என்பது மையத்து வாசல் டீக்கடையில் பொறை ரொட்டி தின்றே வளர்ந்த தெருநாய். காலையில் என் ஜீப் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் ஓடிவந்துவிடும்.

அறவேந்தன் சிரித்தார். "பொறை மங்கிப்போன நகல் டாக்டர். இது மூலம்."

அந்த மூலத்தை வைத்து அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. யானையின் துதிக்கையைக் கவ்விய வீர இனம் என்று விளம்பரம் வந்தது. எவன் பார்த்தான்? நீலியை மட்டும் மையத்திலேயே நிறுத்திக்கொண்டு, அவளிடமிருந்து நகலுக்கு மேல் நகலாக எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். கூட்டிக்கொண்டு போன பங்களாக்காரர்களில் பாதிப்பேர் கொஞ்ச நாளிலேயே எனக்குப் போன் போட்டார்கள்.

"என்ன டாக்டர், உறுமவே மாட்டேங்குது? கூரியர்காரன் வந்தா வாலை ஆட்டுது."

"நல்லதுதானே சார்."

"என்னத்த நல்லது? நாலு பேர் பார்த்து நடுங்கணும்னு வாங்கிவந்தது."

ஆகவே பழக்கித் தருகிறோம் என்று ஆட்கள் கிளம்பினார்கள். பட்டினி போட்டார்கள், இரும்புக் கம்பியால் குத்தினார்கள், இருட்டறையில் அடைத்தார்கள். கடைசியில் ஒரு பங்களாவில், வாசலில் காவலுக்கு இருந்த பேச்சிமுத்து என்கிறவரை அந்த வீட்டுத் தாழி நாய் கழுத்தைப் பிடித்துக் கொன்றுபோட்டது.

அந்த நாயைப் பார்க்கப் போனவள் நான்தான். பேச்சிமுத்துவின் மனைவி முத்துராக்குவை ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கு வாசலில் பார்த்தேன். மடியில் ஒரு பெண் குழந்தை. அழுது ஓய்ந்து வறண்டுபோய் உட்கார்ந்திருந்தாள்.

"டெய்லி எங்க வீட்டு இட்லியில ரெண்டை அதுக்குன்னு ஒளிச்சுக் கொண்டுபோவாரும்மா. முதலாளிக்குத் தெரிஞ்சா வைவாருன்னு இடுப்புல சொருகிக்கிட்டுப் போவாரு. லுங்கியில போயி நின்னாருன்னா அவரு மேல ஏறி விழுந்து வெளையாடும். அன்னைக்கு விருந்தாளி வாராகன்னு புதுசா காக்கிச் சட்டை குடுத்திருக்காக. அதைப் போட்டுக்கிட்டுக் கூண்டைத் திறந்திருக்காரு."

அந்த நாயைப் பழக்கிய ஆள் தினமும் காக்கி போட்டுக்கொண்டு வந்து அடித்தவன். காக்கியைப் பார்த்தால் பாயவேண்டும் என்பதுதான் அது கற்றுக்கொண்ட ஒரே பாடம். இதை அறிக்கையில் எழுதினேன். யார் படித்தார்கள்? நேற்றுவரை பெருமைப்பட்டவர்கள் இன்றைக்குக் கல்லை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சட்டமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். தமிழ்த் தொல்நாய் என்ற பேரை எடுத்துவிட்டு, அபாய இனம் முதல் வகுப்பு என்று போட்டார்கள். அந்த இனத்தைச் சேர்ந்த எல்லா நாய்களையும் மையத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து நீக்கவேண்டும். நீக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும். ஊசி போடவேண்டிய கை என்னுடையது.

லாரி லாரியாகத் திரும்பி வந்தன. காது கிழிந்தவை, பல் உடைந்தவை, மனுஷ நிழல் பட்டாலே மூத்திரம் போகிறவை. கூண்டுகள் போதாமல் கொட்டகை போட்டோம். பின்பக்கம் மண்வாரி எந்திரம் வந்து ஒரு பெரிய குழியை வெட்டிவிட்டுப் போனது. நீலியையும் அந்தக் குழிக்குள் தள்ளப்போகிறோம் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றால், எனக்குப் பதிலாக எவனோ ஒரு கைநடுங்கி வந்து அவளைத் துடிக்கத் துடிக்கக் கொல்வான். அதுவும் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் சேர்மக்கனி வந்தான். அலங்காட்டு மேட்டு அகழாய்வில் குழிப் பொறுப்பாளராக இருந்தவன், இப்போது அருங்காட்சியகத்தில் அதிகாரி. எதற்கு வந்தான் என்று கேளுங்கள். நீலியைக் கொன்ற பிறகு தோலை உரித்துப் பாடம் பண்ணி, கண்ணாடிப் பெட்டியில் நிற்கவைக்கப் போகிறார்களாம். பெட்டிக்கு அளவெடுக்க வந்திருக்கிறான்.

"உயிரோட இருக்கிறதுக்கு அளவெடுக்க வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று நல்லாக் கேட்டுவிட்டேன்.

"நான் என்ன டாக்டரம்மா செய்ய? போன்னு சொன்னாவ, வந்தேன்" என்று தலையைத் தொங்கப்போட்டான்.

சங்கிலியோடு நீலியைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். மண்வாரி வெட்டிய குழியைப் பார்த்ததும் நீலி என்னை இழுத்தாள். குழியின் விளிம்பை ஒட்டியே மெதுவாக ஒரு சுற்று நடந்தாள். ஒரு மூலையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, உள்ளே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தாள். சேர்மக்கனியின் கையிலிருந்த அளவு நாடா கீழே விழுந்தது. கிட்டே போய் அவளுடைய பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தான். அந்த ஐந்தாம் விரலைத் தடவினான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"கங்காணி," என்றான். "இது எங்க கங்காணில்லா!"

"யாருப்பா கங்காணி?"

"மேட்டுல எங்க கேம்ப்ல ஒரு பெட்டை நாய் கெடந்துச்சு டாக்டரம்மா. நாங்க குழிக்குள்ள இறங்கி வேலை பாக்கையில, கரையில சுத்திச் சுத்தி வந்து ஒவ்வொருத்தரையா நின்னு பாக்கும். அதான் கங்காணின்னு பேரு வச்சாவ. இதே மாதிரி ஒரு காது மடிஞ்சிருக்கும். பின்னங்கால்ல இதே விரலு. ஒரு தடவை சல்லடைக் கம்பியில மாட்டிக்கிட்டு, நான்தான் எடுத்துவிட்டேன்."

"குழியைப் பார்த்தா எந்த நாயும் எட்டிப் பார்க்கும். விரலும் நிறைய நாய்க்கு இருக்கும். அதை வச்சு என்னத்தச் சொல்ல முடியும்?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. "குழியில கிடைக்கிற சாமானையெல்லாம் தண்ணியில அலசி, சாக்கு விரிச்சு வெயில்ல காயப்போடுவோம். ஓடு, பாசிமணி, எலும்பு எல்லாம் அங்கனதான் கெடக்கும். கங்காணி அந்தச் சாக்குலதான் படுத்திருக்கும். அந்தத் தாழி எலும்பு காஞ்ச அன்னைக்கு, ஒரு எலும்பை எடுத்துக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான்தான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். தொடச்சுப் பெட்டியில வச்சோம். பரிசோதனைக்கு எந்த எலும்பு போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். அறவேந்தன் அந்த எலும்பைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். எலும்பில் பல் தடங்கள் இருக்கின்றன, எனவே புதைப்பதற்கு முன் இன்னொரு நாயைக் கடிக்கவிடும் சடங்கு ஒன்று பழந்தமிழரிடம் இருந்திருக்க வேண்டும் என்று. அந்தச் சடங்கைப் பற்றி மாநாட்டில் ஒரு மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழிக்கரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருகிற மட்டும் சிரித்தேன். பக்கம் பக்கமாக முழுசாகக் கிடைத்தது என்றாரே, கிடைக்காமல் என்ன செய்யும்? கங்காணி வாயிலிருந்து அப்போதுதான் வந்த எச்சில் அது. எலும்புக்குச் சொந்தமான நாயைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இருந்திருக்காது.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு மூளையில் உறைத்தது. தெருநாயைக் கொல்லச் சட்டத்தில் இடமில்லை. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் செய்யலாம். நீலி தாழி நாயாக இருந்தால் சாவாள். கங்காணியின் நகலாக இருந்தால், அதாவது ஒன்றுமே இல்லாத ஒரு தெருநாயாக இருந்தால், அவளை ஒருத்தரும் தொட முடியாது.

"சேர்மா, அந்தக் கங்காணி இப்ப எங்க?"

"செத்துட்டு டாக்டரம்மா. சீசன் முடியப்போற நேரம் விரியன் கடிச்சிட்டு. குழியை மூடும்போது அதுலயே போட்டு மூடினோம். எந்தக் குழின்னு தெரியும், எனக்கு அளவு மனப்பாடம்."

"வேற நாய் எலும்பு அது, நீங்க இப்ப கொண்டுவந்து போட்டதுன்னு சொல்லிட்டா?"

முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "சொல்ல முடியாது. தோண்டி முடிச்ச குழியை மூடும்போது, அடியில அந்த வருசத்து நாணயம் ஒண்ணைப் போட்டு மூடுறது எங்க வழக்கம். பின்னால எவனாச்சும் தோண்டினா, இது ஏற்கெனவே தோண்டின மண்ணுன்னு அவனுக்குத் தெரியணும்லா. அன்னைக்கு அந்த நாணயத்தைக் கங்காணி கழுத்துக்குக் கீழதான் வச்சேன்."

தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒரு ஆள், வீடியோ எடுக்க ஒரு ஆள், பழைய தோண்டுகாரர்கள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர். அலங்காட்டு மேட்டில் விடிந்ததும் தோண்ட ஆரம்பித்தோம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கங்காணி கிடைத்துவிட்டாள். சுருண்டு படுத்த வாக்கில் இருந்தாள். பின்னங்காலில் அந்தச் சின்ன விரல் எலும்பு, கழுத்துக்குக் கீழே பச்சை பிடித்த ஒரு ஐந்து ரூபாய் நாணயம். சேர்மக்கனி தூரிகையைப் போட்டுவிட்டு ஒரு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். கங்காணியும் நீலியும் ஒன்று, துளி வித்தியாசமில்லை என்று பதில் வந்தது. பொறையின் எச்சிலையும் சேர்த்தே அனுப்பியிருந்தேன். அதுவும் அதே கூட்டம்தான், சித்தி பெரியம்மா பிள்ளை முறை வரும் என்றார்கள். அந்தப் பதிலோடு, அபாய இனச் சட்டத்தின் மேல் முறையீடு கேட்கிற கமிட்டிக்கு மனுப் போட்டேன்.

விஷயம் கசிந்து அறவேந்தன் மையத்துக்கே வந்துவிட்டார். சண்டைக்கு வருகிறார் என்று நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் நேரே நீலியின் கூண்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவள் கம்பி வழியாக அவருடைய சட்டைப்பையை மோந்து பார்த்தாள்.

"பக்கம் பக்கமா கிடைச்சப்பவே எனக்கு உறுத்துச்சு டாக்டர்," என்றார். "அத்தனை பேர் மாலையோட நிக்கும்போது உறுத்தலைச் சொல்ல வாய் வரலை."

"இப்ப கமிட்டியில வந்து சொல்லுங்க. உங்க வாயால சொன்னா எடுபடும்."

"வேண்டாம். நீங்களும் சொல்லாதீங்க."

"ஏன், உங்க மாலை வாடிடுமா?"

அவர் கோபப்படவில்லை. "என் பேர் நாறட்டும், அதுக்காகச் சொல்லலை. அவங்ககிட்ட இப்ப ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணுல கொல்ல வேண்டியது, இன்னொண்ணுல கொல்லக்கூடாதது. ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்க போய் நிரூபிச்சா, எதை எதுக்குள்ள கொட்டணும்கிறதை நீங்க முடிவு பண்ண மாட்டீங்க. அவங்கதான் பண்ணுவாங்க."

"சும்மா பூச்சாண்டி காட்டாதீங்க சார். உங்க மானத்தைக் காப்பாத்த இதுங்க சாகணுமா?"

என்னென்னவோ பேசினேன். அத்தனையும் கேட்டுக்கொண்டு எழுந்து போனார். வாசலில் பொறை அவர் பின்னாலேயே ஓடியது. குனிந்து அதன் தலையைத் தடவிவிட்டு வண்டியில் ஏறினார். என்ன நடிப்பு என்று நினைத்தேன்.

மதுரையில் கமிட்டி கூடியது. ஓய்வுபெற்ற நீதிபதியம்மா ஒருவர் தலைவர். கூட்டம் நெருக்கித் தள்ளியது. பின்வரிசையில் முத்துராக்கு குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சேர்மக்கனி நாணயத்தைக் காட்டினான், காயப்போட்ட சாக்கைப் பற்றிச் சொன்னான். சடங்குக் கட்டுரையை நான் படித்தபோது சபையே சிரித்தது. அறவேந்தனைக் கேட்டார்கள். "டாக்டர் சொல்றது அத்தனையும் சரி" என்று ஒரே வரியில் சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப மென்மையாகப் பேசுகிறவர். "நான் சட்டம் படிச்சவம்மா, எனக்கு இந்த மரபணு எல்லாம் புரியாது. எளிமையா சொல்லுங்க. உங்க மையத்துல இருக்கிற நாயும், இந்தக் கேட்டுக்கு வெளியில படுத்திருக்கிற நாயும் ஒண்ணா?"

"ஒண்ணுதாங்கம்மா."

"வித்தியாசமே கிடையாதா?"

"மயிரளவுகூடக் கிடையாதுங்க. நம்ம தென்மாவட்டத்துல எந்தத் தெருவுல எந்த நாயைப் புடிச்சுச் சோதிச்சாலும் இதேதான் வரும்."

"உறுதியா சொல்றீங்களா?"

"என் படிப்பு மேல சத்தியமா சொல்றேன்."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "அப்படியே எழுதிக்கோங்க" என்றார். நான் பூரித்துப்போய் நின்றேன். சேர்மக்கனி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வெளியே வரும்போது முத்துராக்கு ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்ப எங்க வீட்டு வாசல்ல கெடக்கிறதும் அதுதானா?"

"இல்லம்மா, உங்க வாசல்ல கிடக்கிறது நல்ல நாயி. இதுவும் அது மாதிரி நல்ல நாயின்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னீகளே," என்றாள். குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். "எம்பிள்ளை அது மேலதான் சாஞ்சு படுத்துக் கெடக்கும். எனக்குப் பயமா இருக்கும்மா."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்த மாசம் ஆணை வந்தது. அபாய இனம் முதல் வகுப்பு என்ற வகைப்பாடு தாழி நாய்க்கு மட்டும் பொருந்தும் என்று இதுவரை கருதப்பட்டது தவறு என்று நிபுணர் சாட்சியத்தால் உறுதியாகிறது. மரபணுவில் அவற்றோடு ஒத்துப்போகும் எல்லா நாய்களும் இனி அதே வகுப்பில் சேரும். அபாய இனத்துக்கான சட்டம் தனிச் சட்டம் என்பதால், தெருநாய்ச் சட்டத்தின் பாதுகாப்பு இவற்றுக்குப் பொருந்தாது. நிபுணர் என்று குறிப்பிட்ட இடத்தில் என் பேரை முழுசாகப் போட்டிருந்தார்கள். அறவேந்தனுக்குப் போன் போட்டேன். எடுத்தார். ஆணையை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். என் பேர் வந்த இடத்தில் அவரே வைத்துவிட்டார்.

ஒரு சின்ன எந்திரம் கொடுத்தார்கள். நாயின் வாயில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்து அதில் செருகினால், ஒத்துப்போனால் கூவும். வண்டி வண்டியாகக் கிளம்பினார்கள். கூவாத நாயே கிடையாது. பங்களாக்காரர்களின் சீமை நாய்கள்தான் கூவாமல் தப்பித்தன. மையத்து வாசலில் முதலில் நின்றது பொறை. என் ஜீப் சத்தம் கேட்டு வழக்கம்போல ஓடிவந்தது. டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கிவந்து, "டாக்டரம்மா, இவன் நம்ம பய, உங்களுக்குத் தெரியாதா?" என்று கெஞ்சினார். எனக்கு மேலே போட்டிருந்த அதிகாரி எந்திரத்தைக் காட்டினார். அது கூவிக்கொண்டிருந்தது. பொறைக்கு நானே ஊசி போட்டேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒரு பொறையை உடைத்து வாயில் கொடுத்துவிட்டுப் போட்டேன். அது தின்று முடிப்பதற்குள் போய்விட்டது.

முத்துராக்கு தன் வாசல் நாயைத் தானே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஒப்படைத்தாள். குழந்தை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கத்தியது. அதன் கையை விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சேர்மக்கனி வேலையை விட்டுவிட்டுத் திருச்செந்தூர்ப் பக்கம் போய்விட்டான். நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேறு எதற்கு, நீலிக்காகத்தான்.

ஆமாம், நீலி உயிரோடுதான் இருக்கிறாள். நான் எதற்காக அந்த மேடையில் ஏறிச் சத்தியம் பண்ணினேனோ அது கிடைத்துவிட்டது. மையத்தில் இருந்த மற்ற நகல்கள் எல்லாம் போய்விட்டன. எல்லாம் ஒன்று என்று ஆனபிறகு ஒன்று போதுமே! எந்திரம் ஒவ்வொரு நாயையும் எதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்? மூலத்தோடுதானே. அந்த மூலம் நீலி என்று ஆணையிலேயே எழுதியிருக்கிறது. அவளுக்குக் குளிர்சாதன அறை, காவலுக்கு இரண்டு போலீஸ், தினமும் கறிச்சோறு. ஊரில் தெருநாய் இருக்கும்வரை நீலியை யாரும் தொட மாட்டார்கள். அவளுடைய எச்சிலைத்தான் குப்பியில் அடைத்து எந்திரங்களுக்கு அனுப்புகிறார்கள். பழசானால் சரியாகக் காட்டாதாம். அடிக்கடி புதுசாக எடுத்துக் கொடுக்கவேண்டும்.

வேறு யார் எடுக்கப்போனாலும் அவள் பயந்து மூலைக்குப் போய்விடுகிறாள். அதனால் நான்தான் எடுக்கிறேன். இன்றைக்கும் திண்டுக்கல் பக்கம் போகவேண்டிய வண்டி வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறது. பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்து, தன் பல் பட்ட அந்தப் பழைய தழும்பை நக்கினாள்.

"வாயைத் திற, கண்ணு" என்றேன்.

திறந்தாள்.